பிள்ளையைப் பட்டணத்திற்கு அனுப்புமுன்...

"கெட்டும் பட்டணம் சேர்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஊரில் பிழைப்புக் குன்றியவன் பட்டணத்திற்குப் போனால் எப்படியேனும் தலைநிமிர்ந்து விடுவான் என்ற நம்பிக்கை அதில் பொதிந்திருக்கின்றது. பட்டணம் என்றால் நம் மக்களுக்குச் சென்னைப் பட்டணம்தான்.

"மகன் சென்னையில் வேலையாக இருக்கின்றான்." மேலப்பாளையத்திலும், அதிராம்பட்டினத்திலும், பள்ளப்பட்டியிலும், ஆம்பூரிலும் இந்தச் சொற்கள் கேட்காத தெரு இன்று இல்லை. "மகள் சென்னையில் கம்பெனியில் சேர்ந்திருக்கின்றாள்" என்ற சொற்களும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கியுள்ளன. கேட்போர் மகிழ்கின்றனர், மாஷா அல்லாஹ் என்கின்றனர். ஆனால், "எந்தச் சென்னை?" என்று எவரும் கேட்பதில்லை.

கேட்டுப் பாருங்கள். ஒரகடம் என்பார்கள், இருங்காட்டுக்கோட்டை என்பார்கள், சுங்குவார்சத்திரம் என்பார்கள், வல்லம் வடகால் என்பார்கள். இவற்றுள் எதுவும் கடற்கரையில் இல்லை. மெரினா மணற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே எழுந்துள்ள ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியே நம் பிள்ளைகள் பலரின் "சென்னை". அங்கு வாழ்க்கை எப்படி இருக்கின்றது? அனுப்பும் பெற்றோர் எதையெதை அறிந்திருக்க வேண்டும்? இவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சபரும் புதிய சபரும்

பயணம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பலேறிய தலைமுறைகளின் பேரப்பிள்ளைகள் நாம். சென்னையின் மண்ணடியிலும் பெரியமேட்டிலும் திருவல்லிக்கேணியிலும் நம்மவர்கள் வணிகம் செய்து வேரூன்றிய வரலாறும் நெடியது.

அந்தப் பழைய சபருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. போகின்ற பையனை வரவேற்க அங்கே ஒரு கடை இருந்தது. அது மாமாவின் கடையாக இருக்கும். காக்காவின் கடையாக இருக்கும். குறைந்தது ஊர்க்காரர் ஒருவரின் கடையாகவேனும் இருக்கும். பகலில் கடையில் வேலை. இரவில் கடையின் பரணில் உறக்கம். ஒரே சஹனில் உணவு. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துத் தரவும், தொழுகை தவறினால் கண்டிக்கவும், ஊருக்குக் கடிதம் எழுதவும் ஆள் இருந்தது. சம்பளம் குறைவாக இருந்திருக்கலாம்; கண்டிப்பு மிகுதியாகவும் இருந்திருக்கலாம். எனினும் பையன் ஒருவரின் கண்பார்வையில் இருந்தான்.

ஆலைக்குப் போகும் பிள்ளைக்கு அப்படி ஒரு கடை இல்லை. அவனை வரவேற்பவர் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். அவன் தங்குவது முன்பின் அறியாதவர் நால்வரோ அறுவரோ சேர்ந்த அறையில். அவன் உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் வாரந்தோறும் மாறுகின்றன. அந்தப் பழைய கடை செய்து வந்த காவலை இனி யார் செய்வது? வீடும் ஜமாஅத்தும்தான் செய்தாக வேண்டும். அதற்கு முதலில் அந்த இடத்தை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் எழுந்த ஆலைகள்

ஸ்ரீபெரும்புதூர் பழமையான ஊர். வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த தலம் என்ற புகழ் அதற்கு உண்டு. 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே படுகொலை செய்யப்பட்டபோது உலகம் முழுவதும் அந்தப் பெயரைக் கேட்டது. ஆனால் அவ்வூரின் வாழ்வை மாற்றியவை ஆலைகளே.

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ரெனோ – நிசான் கார் ஆலையும், 2012-இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கின. சுங்குவார்சத்திரம் பக்கம் தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, கைப்பேசி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் எழுந்தன.

இவை ஏன் இங்கே வந்தன? கடல்தான் காரணம்! சென்னைத் துறைமுகமும், 2001-இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகமும் அருகில் இருக்கின்றன. பெங்களூர் நெடுஞ்சாலை ஒருபுறம், திருச்சி நெடுஞ்சாலை மறுபுறம் செல்கின்றன. நகருக்குள் கிடைக்காத நிலப்பரப்பை அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே திரட்டிக் கொடுத்தது. இங்கே செய்யப்படும் வண்டிகள் கப்பலேறிப் பல நாடுகளுக்குச் செல்கின்றன. முன்னர் நம் பிள்ளைகள் கப்பலேறினர். இன்று அவர்கள் செய்யும் பொருள்கள் கப்பலேறுகின்றன.

நகரமும் இத்தொழிற்பகுதியை நோக்கி நீண்டு கொண்டிருக்கின்றது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் அரசு 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது ஸ்ரீபெரும்புதூரும் அதனுள் வந்தது. ஆயினும் பெயரால் நகரமானது எல்லாம் வசதியால் நகரமாகி விடுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் இரயில் நிலையம் இல்லை. பெரிய மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நூலகத்திற்கும் பயணம் செய்தே ஆகவேண்டும். வாடகையும் விலைவாசியும் நகரத்தைப் போல. தனிமையும் இருட்டும் கிராமத்தைப் போல. இந்த இரண்டுங்கெட்டான் நிலையைப் புரிந்துகொள்வதே முதற்பாடம்.

எந்தப் பட்டியலில் பெயர்?

"வேலை கிடைத்து விட்டது" என்று பிள்ளை சொன்னதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதாகவே இருக்கின்றது. அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு: "உன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கின்றது?"

ஒரே ஆலையில், ஒரே வரிசையில், ஒரே சீருடையில் மூன்று வகையினர் வேலை செய்யக்கூடும். நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளி ஒருவர். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் இன்னொருவர். பயிற்சியாளர் என்ற பெயரில் வந்தவர் மூன்றாமவர். மூவரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலையாக இருக்கலாம். மூவரின் ஊதியமும் உரிமையும் வெவ்வேறு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் சேருபவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்திற்கு இல்லை. இதை அறியாமல், "கார் கம்பெனி மாப்பிள்ளை" என்று நம்பி நிக்காஹ் பேசி முடித்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலை எந்தக் குடும்பத்திற்கும் வரக்கூடாது.

எனவே, பிள்ளை வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணி நியமனக் கடிதம் கையில் வந்ததா? அதில் யாருடைய பெயர் இருக்கின்றது, நிறுவனத்தின் பெயரா, ஒப்பந்தக்காரரின் பெயரா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. வருங்கால வைப்பு நிதிக்குரிய 12 இலக்க எண் கிடைத்ததா? இ.எஸ்.ஐ. அட்டை வந்ததா? சட்டப்படியான வேலை நேரத்திற்கு மேற்பட்ட மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் தரவேண்டும் என்பது சட்டம். அது ஊதியச் சீட்டில் ஏறுகின்றதா?

இ.எஸ்.ஐ. என்றால் பல வீடுகளில் அலட்சியம். அது தவறு. அத்திட்டத்தில் பதிவாகியுள்ள தொழிலாளிக்கு மட்டுமின்றி, அவர் துணைவிக்கும் பிள்ளைகளுக்கும், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவ உரிமை உண்டு. ஊரில் இருக்கும் வாப்பாவின் நோய்க்கும் மகனின் அட்டை உதவக்கூடும்! ஆனால் குடும்பத்தாரின் பெயர்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கும் தரகருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரச் சம்மதிக்காதீர்கள். நகலே போதும்.

எந்த வேலையும் நிலையானது என்று எண்ணிவிடவும் கூடாது. நோக்கியா ஆலையின் செழிப்பான காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அதில் நேரடியாக வேலை பார்த்தனர். உலகச் சந்தையில் அந்நிறுவனம் சரிந்தது. வரி வழக்கு ஒன்று குறுக்கே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றுபோனது. இருபது வயதுக்குச் சற்று மேற்பட்ட எத்தனையோ இளைஞரும் இளம்பெண்களும் கையில் ஓர் ஈட்டுத்தொகையுடன் ஊர் திரும்பினர். வேறு கைத்தொழில் அறிந்தவர்கள் விரைவில் நிமிர்ந்தனர், அறியாதவர்கள் தவித்தனர். ஆகவே, வேலையில் இருக்கும்போதே பிள்ளை ஏதேனும் ஒன்றைக் கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமா படிக்கலாம். டிப்ளமா முடித்தவன் பகுதிநேரப் பொறியியல் படிப்பில் சேர முயலலாம்.

உரிமை கோருவதும் அங்கே வாழ்வின் ஒரு பகுதி. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாட்கள் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் முதன்மையான கோரிக்கை. 2025 ஜனவரியில் அச்சங்கம் பதிவு பெற்றது. இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டவுடன், "நீ அதிலெல்லாம் தலையிடாதே, ஊருக்கு வந்துவிடு" என்று பதறாதீர்கள். என்ன நடக்கின்றது என்று பொறுமையாகக் கேளுங்கள். நியாயம் எது என்று ஆராய்ந்து நடக்கும் பக்குவத்தை அவனுக்குக் கற்றுக் கொடுங்கள்.

இருக்க இடம், உண்ண உணவு

தமிழ்நாட்டில் ஆலைக்குச் செல்லும் பெண்களின் தொகை மிகப் பெரியது. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டினர் என்று 2019-20-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியது. ஆகவே மகளை அனுப்பலாமா, கூடாதா என்ற விவாதத்தோடு நின்றுவிடாமல், அனுப்பினால் எப்படி அனுப்புவது என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

2021 டிசம்பரில் நடந்ததை நினைவுகூர்வது நலம். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகியது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் நிலை என்னவென்று அறியாமல் கலங்கிய பெண்கள் இரவில் சாலைக்கு வந்து சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்திற்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் சாலையில் அமர்ந்திராவிட்டால் அவர்கள் எதை உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்பது வெளியுலகிற்குத் தெரிந்திருக்குமா?

அதன்பின் சில மாற்றங்கள் வந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெரும் விடுதியை 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுச் சிப்காட் நிறுவனம் கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று அது திறக்கப்பட்டது. ஆயினும் எல்லோருக்கும் அத்தகைய இடம் கிடைத்துவிடாது.

எனவே மகளின் விடுதியை ஒருமுறை நேரில் சென்று பாருங்கள். உம்மாவும் உடன் செல்லட்டும். ஓர் அறையில் எத்தனை பேர்? கழிவறை எத்தனை பேருக்கு ஒன்று? குடிநீர் எங்கிருந்து வருகின்றது? விடுதிக்காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகின்றாரா? ஆலைப் பேருந்து வாயிலிலேயே நிற்கின்றதா, அல்லது இருட்டில் நடக்க வேண்டுமா? காய்ச்சல் வந்தால் யார் அழைத்துச் செல்வார்? இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் முகம் சுளிக்கும் விடுதியைத் தவிர்த்து விடுங்கள். பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை மகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

மகன்கள் பெரும்பாலும் வாடகை அறையையே நாடுகின்றனர். சென்னைப் பக்கம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகையே முன்வைப்பு என்று வரையறுக்கின்றது. சட்டத்தைச் சொல்லிச் சண்டையிட எல்லோராலும் இயலாது. ஆனால் சட்டம் இருப்பதை அறிந்து பேசுபவனுக்கும் அறியாமல் தலையாட்டுபவனுக்கும் வேறுபாடு உண்டு. கொடுத்த பணத்திற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வாங்காமல் இருக்க வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, ஆலை கேண்டீனில் இறைச்சி பற்றி ஐயம் இருந்தால் சைவ உணவை எடுத்துக்கொள்வது எளிய வழி. நால்வர் சேர்ந்து அறையில் சமைத்தால் ஹலால் கவலையும் தீரும், செலவும் குறையும். சோறு வடிக்கவும் ஒரு தாளிச்சா வைக்கவும் மகனுக்கும் கற்றுக் கொடுத்து அனுப்புங்கள். சமையல் மகளுக்கு மட்டும் உரியதன்று.

கடிகாரத்தின் ஆட்சி

ஊரில் நம் நாளை வகுப்பது பாங்கொலி. ஆலையில் நாளை வகுப்பது ஷிப்டு. மூன்று ஷிப்டு முறையில் ஒரு வாரம் விடியற்காலையில் வேலை; ஒரு வாரம் பிற்பகலில்; ஒரு வாரம் இரவு முழுவதும். உடல் ஒரு நேரத்திற்குப் பழகுவதற்குள் அடுத்த நேரம் வந்துவிடுகின்றது. இரவுப் பணி முடித்துக் காலையில் உறங்கும் பிள்ளையைப் பத்து மணிக்குத் தொலைபேசியில் எழுப்பி, "என்னடா, இன்னும் தூக்கமா?" என்று கடிந்துகொள்ளும் தாய்மார்கள் இருக்கின்றனர். அவர்கள் குற்றவாளிகள் அல்லர்; ஷிப்டு முறையை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளையின் ஷிப்டு அட்டவணையை வாங்கி வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் அருகே ஒட்டி வையுங்கள். எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்பது விளங்கிவிடும்.

தொழுகை பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் ஆலைக்குப் போனால் தொழவே முடியாது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. லுஹரை உணவு இடைவேளையில் நிறைவேற்றலாம். ஒரு விரிப்பும் ஓர் ஓரமும் போதும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் பணிவாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுவது நல்லது. ஜும்ஆவைப் பொறுத்தவரை, பிற்பகல் ஷிப்டிலும் இரவு ஷிப்டிலும் இருப்பவருக்கு ஓரளவு வழி இருக்கின்றது. பகல் ஷிப்டு வாரத்திற்குத்தான் முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்யவேண்டும். உடன் வேலை செய்பவர்களோடு நல்லுறவு இருந்தால் ஒருவர் இடத்தை ஒருவர் பார்த்துக்கொள்வர். அவர்களின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம் பிள்ளை விட்டுக் கொடுத்தால், பெருநாளன்று அவர்கள் இவனுக்கு விட்டுக் கொடுப்பார்கள்.

ஊருக்குள் ஒரு நாள்

விடுமுறை நாளில் பிள்ளை உண்மையான சென்னையையும் காணட்டும். அறையில் கைப்பேசியோடு கிடப்பதைவிட அது மேல்.

தென்மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகள் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் நிற்கின்றன. அந்நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அங்கிருந்து வண்டலூர், படப்பை வழியாகச் செல்லும் வாலாஜாபாத் சாலை ஒரகடத்தை அடைகின்றது. இரயிலில் வருவோர் செங்கல்பட்டுத் தடத்திலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கினால் ஒரகடம் சுமார் 12 கிலோமீட்டர். அதே தடத்தில் புறநகர் இரயிலேறினால் எழும்பூரிலும் கடற்கரை நிலையத்திலும் குறைந்த கட்டணத்தில் இறங்கலாம்.

திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கின்றது. ரமளானில் அங்கே நோன்பு திறப்போருக்கு, மயிலாப்பூரின் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்து அன்பர்கள் பல்லாண்டுகளாக உணவளித்துப் பரிமாறி வருகின்றனர். தனிமையில் வாடும் இளைஞன் ஒருவன் அந்த வரிசையில் ஒருநாள் அமர்ந்தால், இந்தப் பட்டணம் தன்னையும் ஏற்றுக்கொள்ளும் என்ற தெம்பு பெறுவான். எழும்பூரில் அருங்காட்சியகமும் கன்னிமாரா நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. மேற்படிப்புக்குத் தயாராகும் பிள்ளைக்கு அவற்றைவிட நல்ல இடம் இல்லை.

மெரினாவுக்கும் போகட்டும். ஆனால் கடலில் இறங்க வேண்டாம்! கரையிலிருந்து பார்க்க அமைதியாகத் தோன்றும் அந்த அலைகளின் அடியிழுப்பு கடுமையானது. நீச்சல் அறிந்தோம் என்ற துணிச்சலில் இறங்கி உயிரிழந்த இளைஞர்கள் பலர். ஊர்க்குளத்து நீச்சல் அங்கே உதவாது.

மழை வந்தால்...

கடற்கரைப் பட்டணத்தின் இயல்பு ஒன்றைக் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே அங்கே பெருமழை தருகின்றது. வங்கக்கடலில் உருவாகும் புயல், கடலிலிருந்து 40 கிலோமீட்டர் உள்ளே இருப்பவரையும் விடுவதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் ஏரிகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கின்றது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு உடைய அந்த ஏரி நிரம்பினால், மிகுதி நீர் அடையாறு வழியாக நகருக்குள் புகுந்து கடலைச் சேர்கின்றது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் பெருமழை கொட்டியபோது அந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரமும் புறநகரும் நீரில் தத்தளித்தன.

இதன் பாடம் எளியது. அறை எடுக்கும்போது, "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல், பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏரியைத் தூர்த்து விற்ற மனைகளில் எழுந்த வீடுகளில் வாடகை குறைவாக இருக்கலாம். தரைத்தளத்தைத் தவிர்ப்பது நலம். சான்றிதழ்களை உறையிலிட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும்.

எவ்வளவு அனுப்பினாய்?

வாசகப் பெருமக்களே! இதுவரை பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னோம். இனி நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கின்றது.

மாதத்தின் முதல் வாரத்தில் பிள்ளையிடம் நாம் பேசும் பேச்சில் முந்தி நிற்பது எது? "எவ்வளவு அனுப்பினாய்?" என்ற கேள்வியன்றோ! தங்கையின் நிக்காஹ், வீட்டுக் கடன், பெருநாள் செலவு என்று நம் தேவைகள் நீள்கின்றன. பத்தொன்பது வயதுப் பையன் அதை மறுத்துப் பேச மாட்டான். மிகைநேர வேலையை ஏற்றுக்கொள்வான். காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவான். ஒன்பதாவது மனிதனாக அறையில் சேர்ந்துகொள்வான். நோய் வந்தால் மறைப்பான். களைத்த கைகள் இயந்திரத்தின் அருகே இருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நொடிக் கண்ணயர்வு விரலைப் பறித்துவிடும். அந்த விரலுக்கு நாம் வாங்கிய எந்த நகையும் ஈடாகாது.

சம்பளத்தில் முதற்பங்கு அவனுடைய உணவுக்கும் உறைவிடத்திற்கும் உரியது. இரண்டாம் பங்கு, எவ்வளவு சிறிதாயினும், அவன் பெயரில் சேமிப்பாக நிற்கவேண்டும். ஆலை மூடினால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்க அதுவே துணை. வீட்டுக்கு வருவது அதன்பிறகு. மகளின் சம்பளத்திற்கும் இதே கணக்குத்தான். அது அவளுடைய உழைப்பு. அவளிடம் கேளாமல் அதைத் தொடுவது முறையன்று. "எவ்வளவு அனுப்பினாய்?" என்பதற்கு முன்பு, "என்ன சாப்பிட்டாய்? எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்போம். இந்த இரண்டு கேள்விகளுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது

ஒவ்வோர் ஊர் ஜமாஅத்திலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நம் ஊரிலிருந்து அந்தத் தொழிற்பகுதிக்குச் சென்றவர் யார், எந்த ஆலை, எங்கே தங்கியிருக்கின்றார், அவசரத்திற்கு யாரை அழைக்க வேண்டும் என்ற விவரங்களை அதில் எழுதி வைக்கலாம். முன்னே சென்று ஐந்தாறு ஆண்டுகள் அனுபவம் பெற்றவர், புதிதாய் வருபவனை கிளாம்பாக்கத்திலோ சிங்கப்பெருமாள் கோவிலிலோ எதிர்கொண்டு அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கலாம். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி, தாம்பரம், காஞ்சிபுரம் பள்ளிவாசல்களின் நிர்வாகிகளோடு நம் ஊர்ப் பெரியவர்கள் தொடர்பு வைத்துக்கொள்ளலாம். பெண்பிள்ளைகளின் விடுதிக்கு ஆண்டில் இருமுறையேனும் தாய்மார்கள் சிலர் சேர்ந்து சென்று வரலாம். இவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை, அக்கறைதான் தேவை.

மண்ணடியில் கடை வைத்திருந்த நம் பாட்டனார் ஊரிலிருந்து வந்த பையனைத் தம் சஹனில் அமர்த்திச் சோறு போட்டார். ஒரகடத்தில் நமக்குக் கடை இல்லை. ஆனால் அங்கே நம்மவர்கள் இருக்கின்றனர், தொலைபேசி இருக்கின்றது, ஊரில் ஜமாஅத் இருக்கின்றது. மூன்றையும் இணைத்துவிட்டால், புதிதாய்ப் பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைக்கு முதல் வேளைச் சோற்றுக்கும் முதல் இரவு உறக்கத்திற்கும் ஓர் இடம் இருக்கும், இன்ஷா அல்லாஹ். வருகின்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உங்கள் மஹல்லாவில் இதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.